யூதவியல் படிக்க எங்கே போவது: ஜெருசலேமா, நியூயார்க்கா, பெர்லினா, லண்டனா?

யூத வரலாறு, யூத நூல்கள், யூதச் சிந்தனை ஆகியவற்றைக் கல்லூரியில் முறையாகப் படிக்க விரும்பும் சில வாசகர்கள் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு விவிலியம் வழியாக ஆர்வம் வந்திருக்கிறது. இன்னொருவர் நாஜிப் படுகொலை பற்றி வாசிக்கத் தொடங்கி, அதற்கு முன் அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடிப் போனவர். "பிள்ளை இதைத்தான் படிப்பேன் என்கிறாள், எங்கே சேர்ப்பது?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. எல்லோரும் கையில் வைத்திருக்கும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்: ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகம், அமெரிக்கக் கல்லூரிகள், ஜெர்மனி, பிரிட்டன். நாலுமே நல்ல இடங்கள் என்பதால்தான் முடிவெடுப்பது சிரமமாக இருக்கிறது.

உலகத் தரவரிசையைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். இந்தத் துறையில் அந்த எண்கள் பெரிதாக எதையும் சொல்வதில்லை. முதலில் எதை வைத்து ஒப்பிடுவது என்று பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

மொழி. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இது கனமானது. யூதச் சட்ட விவாதங்களின் பெரும் தொகுப்பான தல்மூதின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு எபிரேயத்தில் இருக்கும். அதைத் தொடர்ந்து வரும் கெமாரா விவாதத்தின் பெரும்பகுதி அரமேயம். உள் ஓரத்தில் 11ஆம் நூற்றாண்டு பிரான்ஸைச் சேர்ந்த ராஷியின் உரை, வெளி ஓரத்தில் அவருடைய பேரன்மாரும் அவர்களின் மாணவர்களும் எழுப்பிய மறுகேள்விகள். பக்கத்தின் அமைப்பே ஒரு சபை. மொழிபெயர்ப்பில் அந்தப் பக்கத்தின் கருத்து கிடைக்கும். யார் யாரிடம் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள் என்பது பாதிதான் கிடைக்கும்.

அதோடு, எபிரேயம் மட்டும் போதும் என்று நினைத்துவிட முடியாது. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தம் மெய்யியல் நூலை எழுதியது எபிரேய எழுத்தில் அமைந்த அரபு மொழியில். 17ஆம் நூற்றாண்டு மெய்யியலாளர் ஸ்பினோசா லத்தீனில் எழுதினார். 18ஆம் நூற்றாண்டு மெய்யியலாளர் மெண்டல்ஸோன் ஜெர்மனில் எழுதினார். கிழக்கு ஐரோப்பாவின் கோடிக்கணக்கான சாதாரண வாழ்க்கைகள் அங்குள்ள யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷில் பதிவாகியிருக்கின்றன. ஆக, உங்களை இழுப்பது எந்த நூற்றாண்டு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நூற்றாண்டு மொழியைச் சொல்லும், மொழி ஊரைச் சொல்லும்.

வாசிக்கும் முறை. சில இடங்களில் இருவர் இருவராக உட்கார்ந்து, சத்தமாக வாசித்து, வாதாடிப் படிப்பார்கள். ஹவ்ரூதா என்பது அதன் பெயர். சில இடங்களில் கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, எந்தச் சொல் எப்போது நுழைந்தது என்று பார்க்கும் மொழியியல் வழி. வேறு சில இடங்களில் நூலைவிடச் சமூக வரலாறு முன்னால் நிற்கும்.

முழுச் செலவு. கட்டணத்தை மட்டும் கூட்டினால் கணக்கு தப்பும். மொழி கற்கக் கூடுதலாகப் போகும் ஆண்டு, விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம், வேலை செய்ய அனுமதி இல்லாததால் நிற்கும் வருமானம் எல்லாம் சேர்ந்தால்தான் முழுத் தொகை.

பக்கத்து இருக்கையில் யார். யூதக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் நிறைந்த வகுப்பும், உங்களைப் போலவே வெளியிலிருந்து வந்தவர்கள் நிறைந்த வகுப்பும் வேறு வேறு அனுபவங்கள்.

பிறகு என்ன. இந்தத் துறையில் பேராசிரியர் வேலைகள் குறைவு. ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம், நூலகம், பள்ளி ஆசிரியம், பதிப்புத்துறை என்று பல பக்கம் போகலாம். ஆனால் இளங்கலையோடு நேராக ஒரு வேலை காத்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

## ஜெருசலேம்: எபிரேயப் பல்கலைக்கழகம்

1925 ஏப்ரல் 1 அன்று ஸ்கோபஸ் மலையில் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. யூதவியல் நிறுவனம் அதற்கும் முன்பே, 1924 டிசம்பரில், பாடத்தைத் தொடங்கிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு முன்பே துறை பிறந்த இடம் இது. பெர்லினிலிருந்து 1923இல் வந்த கெர்ஷோம் ஷோலெம் முதலில் நூலகராக வேலை பார்த்தார், பிறகு இங்கே பாடம் நடத்தத் தொடங்கினார். அறிவுலகம் அதுவரை மூடநம்பிக்கை என்று ஒதுக்கி வைத்திருந்த கபாலா மறைஞானத்தைப் பிரதிகளைக் கொண்டு ஆராயும் ஒரு துறையாக மாற்றியவர் அவர். அவருடைய சொந்த நூல் தொகுப்பு இன்றும் இஸ்ரேல் தேசிய நூலகத்தில் தனி வாசிப்பறையாக இருக்கிறது. 2023 அக்டோபரில் அந்த நூலகம் புதிய கட்டடத்துக்கு மாறியது. மைமோனிடிஸ் தம் கையால் எழுதிய மிஷ்னா உரையின் பகுதிகளும் அங்கே உண்டு.

விவிலியம், தல்மூத், கபாலா, யூத மெய்யியல், எபிரேய இலக்கியம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆழம் உள்ள இடம் இதைப் போல வேறு இல்லை என்றே சொல்வேன். இத்துறையின் முக்கியமான ஆய்வுகள் பல எபிரேயத்திலேயே வெளிவருகின்றன. இங்கே படித்தவருக்கு அந்தக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கும்.

சரி, மறைந்த செலவு எங்கே? இளங்கலைப் பாடம் எபிரேயத்தில் நடக்கிறது. உல்பான் எனப்படும் மொழிப் பள்ளியில் ஆறு நிலைகள் உண்டு. பாடம் புரிய வேண்டுமானால் கடைசி நிலைகளுக்கு ஏறியாக வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் பலர் மெக்கினா என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பு வழியாக நுழைகிறார்கள். ஆக, மூன்றாண்டுப் பட்டம் நடைமுறையில் நாலு, நாலரை ஆண்டாகிவிடும். சாதாரண மாணவர் விசாவில் வேலை பார்க்கவும் முடியாது. ஆங்கில வழியில் படிக்க விரும்பினால் ரோத்பெர்க் பன்னாட்டுப் பள்ளி இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஓராண்டு வருகைக்கும் முதுகலைக்கும்தான் பயன்படும்.

அரசியலைத் தவிர்த்துவிட்டு இந்த ஊரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. ஸ்கோபஸ் மலை கிழக்கு ஜெருசலேமில் இருக்கிறது. 1948 முதல் 1967 வரை ஜோர்டான் வசமிருந்த பகுதியால் சூழப்பட்டுத் தனித்துக் கிடந்த வளாகம் அது. பல்கலைக்கழகம் அந்த ஆண்டுகளில் நகரின் மேற்குப் பகுதியில் கீவத் ராம் வளாகத்தைக் கட்டிக்கொண்டது. இன்றும் வளாகத்தின் அடிவாரத்தில் பாலஸ்தீன ஊரான இசாவியா. 2023 அக்டோபர் 7 தாக்குதலும் அதைத் தொடர்ந்து காஸாவில் நடந்த போரும் மாணவர் வாழ்க்கையை நேரடியாகத் தொட்டிருக்கின்றன: சேமப்படைக்கு அழைக்கப்பட்ட வகுப்புத் தோழர்கள், ரத்தாகும் விமானங்கள், தள்ளிப்போகும் பருவங்கள். அங்கே படிப்பது தம் மனசாட்சிக்கு ஒத்துவருமா என்று தயங்கும் மாணவர்களையும் அறிவேன். அந்தத் தயக்கத்தை ஒதுக்கி வைக்காதீர்கள்; குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். பாதுகாப்பு, காப்பீடு, திரும்பி வரும் வழி எல்லாம் செலவுக் கணக்கில் சேரும்.

யாருக்கு ஏற்றது: தல்மூதையோ கபாலாவையோ மூலத்தில் வாசிப்பதே வாழ்நாள் வேலை என்று தீர்மானித்தவருக்கு. முழு இளங்கலைக்குத் தயங்குபவர் வேறு நாட்டில் சேர்ந்து, நடுவில் ஓராண்டு இங்கே வந்து போகலாம்.

## அமெரிக்கா: நியூயார்க்கும் வால்தமும்

அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் யூதவியல் பாடம் இருக்கிறது. மதச்சார்பற்ற பல்கலைக்கழகங்களுக்குள் இந்தத் துறை வேரூன்றியதே இங்கேதான். ஹார்வர்டில் 1925இல் ஹாரி வுல்ஃப்ஸனுக்கும், கொலம்பியாவில் 1930இல் சாலோ பாரனுக்கும் இருக்கைகள் அமைந்தன. யூத வரலாற்றை அழுகையும் துன்பமும் மட்டுமாகச் சொல்லும் போக்கை பாரன் கடுமையாக எதிர்த்தார். அந்த எதிர்ப்பு இன்றைய பாடத்திட்டங்கள் வரை உள்ளே ஓடுகிறது. படுகொலை பற்றிய நூல்கள் வழியாக இந்தத் துறைக்கு வந்த வாசகருக்கு பாரனின் பார்வை மிக அவசியம் என்று நினைக்கிறேன்.

இரண்டு வழிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 1886இல் தொடங்கிய நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரி. அதன் லிஸ்ட் கல்லூரி மாணவர்கள் ஒரே நேரத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலோ பர்னார்ட் கல்லூரியிலோ படித்து இரண்டு இளங்கலைப் பட்டங்கள் பெறுகிறார்கள். இரண்டு வளாகங்களும் நடக்கும் தூரத்தில். காலையில் ஹவ்ரூதாவில் தல்மூத், மதியம் கொலம்பியாவில் பொருளியலோ இயற்பியலோ என்று போகலாம். யூதச் சிந்தனையாளர் ஆபிரகாம் யோசுவா ஹெஷல் 1946 முதல் 1972 வரை பாடம் நடத்திய இடம் இது. யூத மதத்தின் கான்சர்வேட்டிவ் பிரிவின் நிறுவனம் என்பதால் ஓய்வுநாளும் உணவு விதிகளும் வளாக வாழ்க்கையின் பகுதி. வகுப்பில் பெரும்பாலும் யூத மாணவர்கள், அவர்களில் பலர் பள்ளியிலேயே எபிரேயம் படித்தவர்கள். புதிதாக வருபவர் முதல் ஆண்டு முழுக்க ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு பட்டங்களின் பாடச்சுமையும் லேசானதில்லை.

இரண்டாவது, மாசசூசெட்ஸின் வால்தமில் உள்ள பிராண்டைஸ். பெரிய பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களுக்கு மறைமுக ஒதுக்கீட்டு வரம்பு வைத்திருந்த காலத்தில், அமெரிக்க யூதச் சமூகம் 1948இல் எல்லா மதத்தவருக்குமாகத் திறந்த கல்லூரி. பண்டைய அண்மைக் கிழக்கும் யூதவியலும் ஒன்றாகச் சேர்ந்த துறை அதன் பெருமை. பாபிலோனியக் களிமண் பலகைகளோடு சேர்த்து விவிலியத்தைப் படிக்க ஆசைப்படுபவருக்கு நல்ல இடம்.

அமெரிக்க முறையின் பெரிய நன்மை, சேர்ந்த பிறகு முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது. ஆர்வம் மாறினாலும் பட்டம் வீணாகாது. பெரிய இடைஞ்சல் பணம். பிராண்டைஸ் போன்ற தனியார் கல்லூரியில் தங்குமிடம், உணவு சேர்த்து ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டுகிறது. வெளிநாட்டு மாணவருக்கான உதவித்தொகை குறைவு. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள குடும்பத்துக்குக் கணக்கே வேறு. கட்டணப் பட்டியலைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன், அந்தந்தக் கல்லூரியின் தளத்தில் உள்ள நிகரச் செலவுக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு மறைந்த செலவு, எளிதில் கண்ணில் படாதது. பல அமெரிக்கக் கல்லூரிகளில் மொழிபெயர்ப்புகளை வைத்தே யூதவியல் பட்டம் முடித்துவிடலாம். வசதியாகத் தோன்றும். ஆனால் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, மொழி இல்லாத பட்டம் கையை விரிக்கும். சேரும் முன்பே கேளுங்கள்: எத்தனை பருவம் எபிரேயம் கட்டாயம்? மூலத்தில் வாசிக்கும் வகுப்பு ஆண்டுதோறும் நடக்கிறதா?

2023க்குப் பிறகு அமெரிக்க வளாகங்களிலும், குறிப்பாகக் கொலம்பியாவில், போராட்டங்களும் கசப்பும் அதிகம். ஜெருசலேமைத் தவிர்த்தால் அரசியலையும் தவிர்க்கலாம் என்ற எண்ணம் பலிக்காது.

யாருக்கு ஏற்றது: இன்னும் முழுதாகத் தீர்மானிக்காதவருக்கும், உதவித்தொகை கிடைத்தவருக்கும், யூதவியலோடு இன்னொரு தொழிற்பாடமும் வேண்டும் என்பவருக்கும்.

## ஜெர்மனி: பெர்லின், ஹைடெல்பெர்க், போட்ஸ்டாம்

யூத நூல்களைப் பல்கலைக்கழக முறையில் ஆராயலாம் என்ற எண்ணமே இங்கேதான் பிறந்தது. 1819இல் பெர்லினில் லியோபோல்ட் சுன்ஸும் நண்பர்களும் அதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெர்லின் பல்கலைக்கழகத்தில் யூத வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்று சுன்ஸ் 1848இல் கேட்டார், மறுத்துவிட்டார்கள். கதவு திறக்காததால் யூதர்கள் தாங்களே கல்லூரிகள் கட்டினார்கள்: 1854இல் பிரெஸ்லாவில், 1872இல் பெர்லினில். பெர்லின் கல்லூரியில் 1923இல் காஃப்கா பாடம் கேட்டிருக்கிறார். உலகின் முதல் பெண் ரபியான (யூத மதகுரு) ரெஜினா யோனாஸ் அங்கேதான் படித்தார். 1942இல் நாஜிகள் அதை மூடினார்கள். அங்கே ஆசிரியராக இருந்த லியோ பெக் 1943 ஜனவரியில் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார், உயிரோடு மீண்டார். யோனாஸ் ஆவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

இந்த வரலாற்றை அறிந்துகொண்டு ஜெர்மனியில் இந்தப் பாடத்தைப் படிப்பவருக்கு, மற்ற நாடுகளில் கிடைக்காத ஒரு தீவிரம் கிடைக்கிறது. மாணவர்களில் பெரும்பாலோர் யூதர் அல்லாதவர்கள். எபிரேய எழுத்தை முதல் நாள் கற்பவர்களோடு நீங்களும் ஒருவர். பின்தங்கிய உணர்வு வராது.

ஹைடெல்பெர்க்கின் யூதவியல் கல்லூரி 1979இல் தொடங்கியது. ஜெர்மன் யூதர்களின் மத்திய அவை அதை நடத்துகிறது, எல்லா மதத்தவரும் சேரலாம். வரலாறு, கலை, மெய்யியல், தல்மூத் எல்லாம் அங்கே பாடங்கள். பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் நூல்களையும் மொழியையும் மையமாகக் கொண்ட மரபு. போட்ஸ்டாமில் 2013இல் யூத இறையியல் பள்ளி திறந்தது. யூத இறையியலுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டும் என்று ரபி ஆபிரகாம் கைகர் 1830களிலேயே கேட்டிருந்தார்.

செலவில் ஜெர்மனியை யாரும் நெருங்க முடியாது. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைக்குக் கட்டணம் கிடையாது, பருவத்துக்குச் சில நூறு யூரோ மட்டும். ஹைடெல்பெர்க் இருக்கும் பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகின்றன. யூதவியல் கல்லூரியின் கட்டணத்தை நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விசாவுக்கு முடக்கக் கணக்கில் மாதம் 992 யூரோ வீதம், ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. பாடம் ஜெர்மனில். இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் மட்டும் பொதுவாக நேரடி இடம் கிடைக்காது. ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தக் கல்லூரியில் ஓராண்டு படிக்க வேண்டும், அல்லது இந்தியாவிலேயே கல்லூரியில் ஓராண்டாவது முடித்திருக்க வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஏபிஎஸ் கடிதமும் வேண்டும். ஜெர்மன் கற்க ஒன்றரை ஆண்டு, பிறகு எபிரேயம், அப்புறம் அரமேயம். பணம் மிச்சமாகும், காலம் கரையும். ஆனால் அந்த ஜெர்மன் வீணல்ல: மெண்டல்ஸோன், ஹெர்மன் கோஹன், ரோசன்ஸ்வைக், மார்ட்டின் பூபர் ஆகியோரின் சிந்தனையில் பெரும்பகுதி அந்த மொழியில் இருக்கிறது. நவீன யூத மெய்யியல்தான் உங்கள் ஆசை என்றால், ஜெருசலேமைவிட ஜெர்மனியையே முதலில் சொல்வேன்.

யாருக்கு ஏற்றது: கையில் பணம் குறைவு, பொறுமை அதிகம் உள்ளவருக்கு. நவீன சிந்தனையிலும் ஐரோப்பிய வரலாற்றிலும் மனம் உள்ளவருக்கு.

## பிரிட்டன்: லண்டன், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் யூதர்களுக்குப் பட்டம் தர மறுத்துக்கொண்டிருந்த காலத்தில், லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி மதம் கேட்காமல் மாணவர்களைச் சேர்த்தது. 1828லேயே ஹைமன் ஹர்விட்ஸ் அங்கே எபிரேயப் பேராசிரியர். எபிரேயமும் யூதவியலும் அங்கே இன்று தனித் துறை. யித்திஷுக்கும் இடம் உண்டு. நடந்தே போகும் தூரத்தில் பிரிட்டிஷ் நூலகமும், ரஸ்ஸல் சதுக்கத்தில் வீனர் படுகொலை நூலகமும் இருக்கின்றன.

கேம்பிரிட்ஜின் செல்வம் கெனிசா, அதாவது பழைய எபிரேயத் தாள்களைத் தூக்கி எறியாமல் போட்டு வைக்கும் கிடங்கு ஒன்றின் தொகுப்பு. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயக் கிடங்கிலிருந்து சாலமன் ஷெக்டர் 1896-97இல் கொண்டுவந்த கிழிந்த தாள்கள், இன்று ஏறக்குறைய 1,93,000 துண்டுகளாகப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. திருமண ஒப்பந்தம், கடன் சீட்டு, பள்ளிப் பிள்ளையின் எழுத்துப் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, ஆஷூ என்ற பெண்ணோடு குடும்பம் நடத்திய வணிகர் ஆபிரகாம் பென் யிஜூவின் கடிதங்களும் இந்தக் குவியலில் கிடைத்தவைதான். இங்கே தமிழ் வாசகருக்கு ஓர் உண்மையான அனுகூலம் இருக்கிறது. கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய கொச்சி யூதர் செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. கொல்லத்தின் 849ஆம் ஆண்டுச் செப்பேட்டில் எபிரேய எழுத்தில் சாட்சிக் கையொப்பங்கள் உள்ளன. வட்டெழுத்தும் எபிரேயமும் அரபும் சேர்ந்து தெரிந்த ஆய்வாளர்கள் மிக அரிது. கேம்பிரிட்ஜில் எபிரேயத்தையும் அரபையும் இணைத்து இளங்கலை படிக்க வழி உண்டு. இந்தியப் பெருங்கடல் வணிக வரலாற்றில் ஆசை உள்ள ஒருவர் தமிழ்க் கல்வெட்டியலோடு அங்கே போனால், அவருக்கென்று ஒரு களம் காத்திருக்கிறது. இதைப் படிக்கும் யாராவது ஒருவர் அதைச் செய்ய வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

குறை என்னவென்றால், பிரிட்டனில் சேரும்போதே பாடத்தை முடிவு செய்துவிட வேண்டும்; பாதியில் மாறுவது கடினம். வெளிநாட்டவர் கட்டணம் ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல், லண்டன் வாடகை தனி. உள்நாட்டுக் கட்டணம் பெறும் குடும்பத்துக்கு இது நல்ல பேரம்.

யாருக்கு ஏற்றது: ஆவணங்களோடு வேலை செய்யும் வரலாற்று ஆர்வலருக்கு, எதைப் படிக்கப் போகிறோம் என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு.

## ஒரே பார்வையில்

| | ஜெருசலேம் | அமெரிக்கா | ஜெர்மனி | பிரிட்டன் |
|---|---|---|---|---|
| பாடமொழி | எபிரேயம் | ஆங்கிலம் | ஜெர்மன் | ஆங்கிலம் |
| பலம் | தல்மூத், கபாலா | வரலாறு, இரட்டைப் பட்டம் | நவீன மெய்யியல் | கையெழுத்துப் பிரதிகள், ஆவணங்கள் |
| கட்டணம் | நடுத்தரம் | மிக அதிகம் | மிகக் குறைவு | அதிகம் |
| மறைந்த செலவு | மொழி ஆண்டு, பாதுகாப்பு | மொழியின்றி முடியும் பட்டம் | ஆயத்த ஆண்டுகள் | மாற முடியாத பாடத்தேர்வு |
| வகுப்புத் தோழர் | இஸ்ரேலியர் | இடத்துக்கு இடம் மாறும் | பெரும்பாலும் யூதர் அல்லாதோர் | கலவை |

## ஐந்தாவது வழி: இப்போதைக்கு வேண்டாம்

உங்கள் ஊரிலேயே வரலாறோ மெய்யியலோ மொழியியலோ இளங்கலை படித்துக்கொண்டு, பக்கத்தில் எபிரேயம் கற்று, முதுகலைக்கு வெளியே போகலாம். ஆக்ஸ்ஃபோர்டின் யூதவியல் முதுகலை ஓராண்டுதான். இளங்கலைச் செலவில் சிறு பங்கு. பதினேழு வயதில் இந்தத் துறையில் இருக்கும் ஆசை இருபத்தொன்றிலும் நிலைத்திருந்தால், அப்போது எடுக்கும் முடிவு உறுதியாக இருக்கும். பணம் இடிக்கும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

எந்த வழியானாலும், விண்ணப்பிக்கும் முன் இலவசமாகச் சோதித்துப் பாருங்கள். செஃபாரியா தளத்தில் தல்மூதின் மூலமும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கமாக இருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் ஹேய்ஸ் நடத்திய எபிரேய விவிலிய வகுப்பு முழுதும் இணையத்தில் கேட்கக் கிடைக்கிறது. எபிரேய எழுத்துகள் 22தான். சில வாரங்களில் வாசிக்கப் பழகிவிடலாம். அதற்குப் பிறகும் அடுத்த பாடத்துக்கு மனம் ஏங்கினால் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15, மற்ற பிரிட்டிஷ் கல்லூரிகளுக்கும் பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் ஜனவரி, ஜெர்மனியின் குளிர்காலப் பருவத்துக்குப் பெரும்பாலும் ஜூலை 15. ஜெர்மனிக்கான ஏபிஎஸ் கடிதம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம் என்பதால் அந்த விண்ணப்பத்தை முதலில் போடுங்கள்.